நாற்பது வண்டியில் ஓடியது இரண்டு

திருச்செந்தூர் பக்கம் ஒரு ஊரில், கோடை விடுமுறையில், 6 முதல் 8 வரை படிக்கும் 40 பிள்ளைகளுக்கு ரப்பர் பேண்ட் வண்டி செய்யச் சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். பின் அச்சில் சுற்றிவைத்த ரப்பர் பேண்ட் பிரியும்போது தானே ஓடுகிற வண்டி அது. இடம் ஒரு நூலகக் கூடம். நேரம் காலை 10 முதல் 1 வரை. மூன்று மணி நேரத்தில் வண்டியும் செய்து, ஆற்றல், உராய்வு, இயக்கம் எல்லாம் பேசி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு மணிக்குக் கூட்டிப் பார்த்தால் ஓடிய வண்டி இரண்டு. அதில் ஒன்று நான் செய்து கொண்டுபோன மாதிரி வண்டி. ஒரு பையனுக்கு க்ளூ கன் பட்டு விரலில் கொப்புளம். கைக்காசு 7,700 ரூபாய் போனது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை, அவ்வளவு அவமானமாக இருந்தது. அடுத்த கோடையில் அதே கூடத்தில் மறுபடி செய்து பார்த்தபோது நிலைமை வேறு. முதல் தடவை என்னென்ன கோளாறு, ஏன் வந்தது, எப்படிச் சரியானது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த 7,700 மிஞ்சியிருக்கும்.

முதல் தப்பு, இணையத்தில் தயாராக விற்கிற வண்டிச் சாமான் பெட்டியை வாங்கியது. ஒன்று 160 ரூபாய், 40 பெட்டிக்கு 6,400. படத்தில் எல்லாம் பளபளவென்று இருந்தது. வந்து பிரித்தால் சக்கரத்து ஓட்டை ஒரு அளவு, அச்சுக் குச்சி ஒரு அளவு. சிலதில் குச்சி லொடலொடவென்று ஆடியது, சிலதில் சுத்தியலால் தட்டினால்தான் உள்ளே போனது. சக்கரம் அச்சோடு சேர்ந்து சுற்றாவிட்டால் ரப்பர் பேண்ட் அச்சை மட்டும் சுற்றிவிட்டு ஓய்ந்துவிடும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும். இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் இந்த ஒரே காரணத்தால் படுத்தன. எந்தப் பெட்டியானாலும் முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். அதையும் நீங்கள் செய்யாமல், அக்கம்பக்கத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைச் செய்யவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். எனக்கு 20 நிமிடம் பிடித்த வேலைக்கு ஒரு சிறுமிக்கு 70 நிமிடம் ஆனது. வெட்டுவது, ஒட்டுவது, ஒட்டியது காயும்வரை காத்திருப்பது என்று நேரம் அதில்தான் போகிறது. பெரியவர்கள் நேரத்தை மூன்றரையால் பெருக்கிக்கொள்வது இப்போது என் கணக்கு.

சாமான்களைப் பற்றி ஒன்று. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்குத் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. பலூனுக்கு மாட்டும் பிளாஸ்டிக் குச்சியும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பழைய செய்முறைகள் எல்லாம் பிளாஸ்டிக் ஸ்ட்ராவை நம்பியே எழுதப்பட்டவை. இப்போது கடையில் கிடைப்பது காகித ஸ்ட்ரா. அச்சு ஓடும் குழாயாக அது தாராளமாகப் போதும், ஈரம் மட்டும் படக்கூடாது. சூடான பசை வைத்தால் உள்ளே நசுங்கி, அச்சைக் கவ்விக்கொள்ளும். ஆகவே க்ளூ கன்னை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அகலமான டேப் போதும், விரலும் பிழைக்கும். சேஸிஸுக்கு, அதாவது வண்டியின் அடித்தட்டுக்கு, நான் கண்டுபிடித்த நல்ல பொருள் தினசரி காலண்டர் அட்டை. தாள் கிழித்து முடிந்த பழைய அட்டை எல்லா வீட்டிலும் பரணில் கிடக்கும். வளையாது, கத்தரியும் ஏறும். 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் வெட்டிக்கொண்டால் போதும். அச்சுக்கு 3 மி.மீ. மூங்கில் குச்சி; கூர்முனையை முதலிலேயே நறுக்கிவிடுங்கள். சக்கரத்துக்குத் தண்ணீர் பாட்டில் மூடி.

மூடியில் நடு ஓட்டை போடுவதுதான் இதில் உயிர்நாடி. கண்ணால் பார்த்துக் குத்தினால் நிச்சயம் ஒன்றிரண்டு மி.மீ. தள்ளிப் போகும். 3 செ.மீ. அகலச் சக்கரத்தில் 2 மி.மீ. தள்ளினாலே வண்டி நொண்டியடிக்கும். பல மூடிகளில் நடுவில் ஒரு சின்னப் புள்ளி தெரியும், தொழிற்சாலையில் மூடியை வார்த்தபோது விழுந்த தழும்பு அது. அது இல்லாத மூடியைத் தாளில் வைத்து வட்டம் போட்டு, வட்டத்தை வெட்டி, இரண்டு தடவை மடித்துப் பிரித்தால் மடிப்புகள் வெட்டிக்கொள்ளும் இடம் நடு. கோணூசியை மெழுகுவர்த்தியில் காட்டிக் குத்துவது பெரியவர் வேலை. ஓட்டை குச்சியைவிட ஒரு பொட்டு சின்னதாக இருக்கட்டும், குச்சியைத் திருகி உள்ளே தள்ளலாம். இரண்டாம் தடவை இந்த ஓட்டைகளை மட்டும் முந்தின இரவே வீட்டில் உட்கார்ந்து போட்டுவிட்டேன். 36 பிள்ளைகளுக்கு 144 மூடி, இரண்டரை மணி நேரம். பிள்ளைகளே எல்லாம் செய்ய வேண்டும் என்கிற கொள்கைப் பிடிப்பு எனக்கும் இருந்தது. ஆனால் இந்த ஒரு இடத்தில் அதை விட்டுக்கொடுத்தால்தான் மற்ற பாடத்துக்கு நேரம் மிஞ்சுகிறது.

இன்னொரு உபாயம்: முன் அச்சும் பின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் வண்டி வட்டமடிக்கும். பின்பக்கம் ரப்பர் பேண்டுக்கு இடம் விட வேண்டும் என்று குழாயை இரண்டு துண்டாக வெட்டி ஒட்டினால் இரண்டும் ஒரே கோட்டில் அமையாது. முழுக் குழாயாக ஒட்டிவிட்டு, பிறகு நடுவில் 3 செ.மீ. வெட்டி எடுங்கள். அந்த இடத்தில் அட்டையையும் ஒரு பள்ளம் வெட்டிவிட வேண்டும். சக்கரம் அட்டையில் உரசாமல் இருக்க இரண்டுக்கும் நடுவில் ஒரு பாசிமணி கோத்துவிட்டால் ஆயிற்று.

எல்லாவற்றிலும் பெரிய தப்பு எது என்றால், எடுத்த எடுப்பிலேயே ரப்பர் பேண்டை மாட்டச் சொன்னது. ஓடவில்லை என்றால் பேண்டில் வலு இல்லையா, சக்கரம் உரசுகிறதா, அச்சு இறுகியிருக்கிறதா என்று எதுவும் தெரியாது. நாற்பது பேரும் ஒரே குரலில் “டீச்சர், போவ மாட்டேங்கு” என்றால் யாரிடம் ஓடுவது? இரண்டாம் தடவை முதல் நாள் முழுக்க ரப்பர் பேண்டே மாட்டவில்லை, வெறும் சரிவுதான். அரை மீட்டர் பலகை, ஒரு முனைக்குக் கீழே புத்தகங்கள். பலகை தரையைத் தொடும் இடத்தில் வண்டியின் மூக்கு முட்டி நிற்கும், அங்கே ஒரு தடித்த தாளைப் பாலம்போல ஒட்டிவிடுங்கள். 10 செ.மீ. உயரத்திலிருந்து கையை எடுத்துவிட வேண்டும், தள்ளக்கூடாது. பிறகு எவ்வளவு தூரம் போய் நின்றது என்று நாடாவால் அளக்க வேண்டும். புறப்பட்ட இடத்துக்கு நேர் கீழிருந்து நின்ற இடம் வரை இரண்டரை மீட்டர் என்றால் 10 செ.மீ. இறக்கம் 250 செ.மீ. ஓட்டமாகிவிட்டது. அதாவது வண்டியின் எடையில் 25இல் ஒரு பங்குதான் உராய்வு. 80 செ.மீ.யில் நின்றுவிட்டால் 8இல் ஒரு பங்கு. இந்த ஒரு எண்ணைக் கரும்பலகையில் ஒவ்வொரு வண்டிக்கும் எழுதினோம். எட்டு, பத்து என்று வந்த வண்டிகளைப் பிள்ளைகளே தூக்கிப் பார்த்து, சக்கரத்தை ஊதிச் சுற்றிவிட்டு, எங்கே உரசுகிறது என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். குச்சியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்ததும் ஒருத்தனுக்கு 12 என்பது 19 ஆனது. அப்புறம் மெழுகுவர்த்திக்கு வரிசை.

இங்கேதான் ஆற்றலைப் பற்றிப் பேச வேண்டும், அதற்கு முன்னால் பேசிப் பயனில்லை. நான் வரவு செலவுக் கணக்காகவே சொன்னேன். வண்டியைக் கையால் பலகை உச்சிக்குத் தூக்கினோமே, அது வரவு. ஆற்றலை அளக்கும் அலகு ஜூல். 100 கிராம் தக்காளி ஒன்றை ஒரு மீட்டர் தூக்கினால் ஏறத்தாழ 1 ஜூல். 80 கிராம் வண்டியை 10 செ.மீ. தூக்கினால் 0.08 ஜூல்கூட முழுதாக இல்லை. இறங்கும்போது அது வேகமாக மாறுகிறது, ஓடி நிற்கும்போது முழுவதும் செலவாகிவிட்டது. எங்கே போச்சு? அச்சும் குழாயும் உரசிய இடத்தில் சூடாகப் போச்சு. உயரத்தை 20 செ.மீ. ஆக்கினால் தூரம் இரு மடங்காக வேண்டும் என்று கணக்கு சொல்லும், பெரும்பாலும் அதை ஒட்டியே வரும். வேகமும் இரு மடங்கா என்று கேட்டுப் பாருங்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். வேகம் ஏறத்தாழ 1.4 மடங்குதான் கூடும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதை எட்டாம் வகுப்புக்காரர்களுக்கு மட்டும் கோடிகாட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

வார்த்தையிலும் ஒரு சிக்கல் உண்டு. பேச்சுத் தமிழில் சக்தி, பவர், ஃபோர்ஸ், தெம்பு எல்லாம் ஒன்றுதான். பாடப்புத்தகமோ விசை, ஆற்றல், திறன் என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதல் தடவை கரும்பலகையில் மூன்றுக்கும் வரையறை எழுதிப் போட்டேன், ஒரு கண்ணிலும் வெளிச்சம் இல்லை. பேண்டை விரலில் மாட்டி இழுக்கும்போது விரல் உணர்வது விசை. இழுத்துப் பிடித்திருக்கும்போது பேண்டுக்குள் சேமித்து வைத்தது ஆற்றல். அதை ஒரே நொடியில் செலவழிப்பதா பத்து நொடியில் செலவழிப்பதா என்பது திறன். பொருள் கையில் இருக்கும்போது சொன்னால் மண்டையில் ஏறுகிறது.

இரண்டாம் நாள்தான் ரப்பர் பேண்ட். ஒரு முனையை அட்டையின் முன்பக்கத்தில் மாட்டி, மறு முனையைப் பின் அச்சில் கோத்துச் சுற்ற வேண்டும். முதல் தடவை நான் அச்சில் முடிச்சுப் போடச் சொல்லியிருந்தேன். ஓடிய ஒன்றிரண்டு வண்டிகளும் ஒரு முழம் போய், நின்று, திரும்பி வந்தன. “வண்டி திரும்பி வருதுல்லா!” என்று கூடமே சிரித்தது. காரணம் எளிது: சுற்று பிரிந்து முடிந்த பிறகும் வண்டி ஓட்டத்தில் இருக்கிறது, அச்சு சுற்றிக்கொண்டே இருக்கிறது, முடிச்சுப் போட்ட பேண்ட் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொள்கிறது. வண்டியின் வேகத்தைப் பிடுங்கி மறுபடி பேண்டுக்குள் போட்டுக்கொள்கிறது. சேமிப்பு, செலவு, மறுபடி சேமிப்பு என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. அதனால் இப்போது வேண்டுமென்றே ஒரு வண்டியில் மட்டும் முடிச்சுப் போட்டு வைக்கிறேன். மற்றவற்றில் அச்சின் நடுவில் தீக்குச்சித் துண்டு ஒன்றை நூலால் சாய்வாகக் கட்டி, ஒரு கொக்கிபோல ஆக்கி, பேண்டின் வளையத்தை அதில் மாட்டினால் போதும். சுற்றும்போது பிடித்துக்கொள்ளும், பிரிந்து முடிந்ததும் தானே கழன்றுவிடும்.

எவ்வளவு தூரம் போகும் என்பதை ஓட்டுவதற்கு முன்பே கணக்குப் போடலாம். அச்சின் விட்டம் 3 மி.மீ., மூடியின் விட்டம் 30 மி.மீ., பத்து மடங்கு. பேண்டை 10 செ.மீ. இழுத்துச் சுற்றினால் வண்டி 100 செ.மீ. வரை தள்ளப்படும், அதற்குப் பிறகு போவது ஓட்டத்தின் மிச்சம். மூடிக்குப் பதில் பழைய சிடி மாட்டினால்? சிடியின் விட்டம் 120 மி.மீ., நாற்பது மடங்கு. அப்படியானால் 4 மீட்டர்! எல்லோரும் சிடி கேட்டார்கள். ஸ்டுடியோக்களில் பழைய கல்யாண சிடிகள் மூட்டையாகக் கிடக்கின்றன, சும்மாவே தந்தார்கள். நடு ஓட்டை 15 மி.மீ. என்பதால் அதன்மேல் ஒரு மூடியை ஒட்டி அச்சில் செருகலாம். ஆனால் சிடி போட்ட வண்டிகளில் பாதி நகரவே இல்லை. தூரம் நாற்பது மடங்கு கூடினால் தள்ளும் விசை நாற்பதில் ஒரு பங்காகக் குறையும் என்பது விலை. பேண்ட் 400 கிராம் எடைக்குச் சமமாக இழுத்தால் தரையில் சக்கரம் தள்ளுவது 10 கிராம் எடைக்குச் சமமாகத்தான். சிடி போட்ட வண்டி 120 கிராம். அதைச் சரிவில் விட்டு எண் 25 வந்தால் தேவை 5 கிராமுக்கும் கீழே, வண்டி போகும். 10 வந்தால் தேவை 12 கிராம், போகாது. முதல் நாள் எழுதிய எண் எதற்கு என்று பிள்ளைகளுக்கு அப்போது புரிந்தது, சொல்லப்போனால் எனக்கே அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. நடைமுறையில் 4 மீட்டர் முழுதாக வராது. பேண்ட் ஒன்றின்மேல் ஒன்று சுற்றுவதால் அச்சு தடித்துவிடுகிறது, 3 மீட்டர் தாண்டினால் சந்தோஷப்படலாம்.

மூடி வண்டியில் வேறு கோளாறு. டைல்ஸ் தரையில் சக்கரம் உர்ரென்று சுற்றும், வண்டி நகராது. பின் சக்கரத்துக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் நான்கை டேப் போட்டு ஒட்டுங்கள். பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் ட்யூப் கேட்டு வாங்கி, மெல்லிய பட்டையாக வெட்டி மூடியைச் சுற்றி ஒட்டினாலும் பிடிப்பு வரும். உராய்வு எதிரி என்று முதல் நாள் முழுக்கச் சொல்லிவிட்டு மறுநாள் அதையே காசு கொடுத்து ஒட்டுகிறோம் என்பதை ஒரு பெண் பிள்ளை சொல்லிக் காட்டினாள். அச்சில் வேண்டாம், தரையில் வேண்டும்.

ரப்பர் பேண்டையும் பார்த்து வாங்குங்கள். கோடை வெயிலில் கடை வாசலில் தொங்கியது பாதி இற்றுப்போயிருக்கும், இழுத்தால் முகத்தில் தெறிக்கும். புதுச் சரக்காக எடை போட்டு வாங்கி, முகப்பவுடர் தூவி டப்பாவில் மூடி வையுங்கள். ஒரு சென்டிமீட்டர் அகலப் பேண்ட் கிடைத்தால் ஆளுக்கொன்று கொடுங்கள். சட்டென்று இழுத்து மேலுதட்டில் தொட்டால் வெதுவெதுப்பு தெரியும். இழுத்தபடியே கால் நிமிடம் வைத்திருந்து, விட்டுத் தளர்த்தித் தொட்டால் குளுகுளுவென்று இருக்கும். 1805இல் இதை எழுதி வைத்தவர் ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர். கண் தெரியாதவர், அவரும் உதட்டில்தான் சோதித்தார். நாம் கொடுத்த ஆற்றல் அத்தனையும் வண்டிக்குப் போவதில்லை என்பதைச் சொல்லாமலே உதடு சொல்லிவிடும்.

பலூன் வண்டி மூன்றாம் நாள். சக்கரம் அதே, அட்டை மட்டும் பாதி, மொத்தம் 40 கிராமுக்குள் இருக்க வேண்டும். பலூன் வாயில் காகித ஸ்ட்ரா கட்டினால் எச்சில் பட்டு இரண்டாம் ஊதலிலேயே சொதசொதவென்று ஆகிவிடும். தீர்ந்துபோன பேனாவின் குழாயைக் கட்டுங்கள். சில பேனாக்களின் இடுப்பில் ஒரு ஊசி ஓட்டை இருக்கும், அதை டேப் போட்டு அடைக்காவிட்டால் காற்று அங்கேயும் சீறும். மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள். எதனால் போகிறது என்று கேட்டால் பாதிப் பேர், வருகிற காற்று பின்னால் இருக்கும் சுவரைத் தள்ளுகிறது என்பார்கள். சுவரோரம் ஒரு தடவை, கூடத்தின் நடுவில் ஒரு தடவை விட்டுக் காட்டுங்கள், வித்தியாசம் இருக்காது. பிறகு அதே வண்டியிலேயே குழாய்க்குப் பின்னால் ஒரு அட்டையைச் செங்குத்தாக ஒட்டி, காற்று அதில் மோதும்படி செய்தால் வண்டி நகர மறுக்கும். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்கிற நியூட்டனின் மூன்றாம் விதியை நான் வாய் திறந்து சொன்னது இதற்குப் பிறகுதான்.

மோட்டார் வண்டிக்கு நான் கொடுத்த தண்டம் 1,300. 20 குட்டி மோட்டார், 20 சதுர 9 வோல்ட் பேட்டரி வாங்கிய செலவு அது. அந்தச் சதுர பேட்டரிக்குள் வோல்ட் நிறைய, ஆனால் மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தைக் கொடுக்க அதனால் முடியாது, சில நிமிடத்தில் படுத்துவிடும். 3 வோல்ட் மோட்டாருக்கு இரண்டு பென்சில் பேட்டரி போதும். மோட்டார் தண்டில் நேரடியாகச் சக்கரத்தை மாட்டினாலும் ஓடாது. வேகமாகச் சுற்றும், ஆனால் திருப்பும் வலு இல்லை, சிடி வண்டியின் அதே கதை. பல்சக்கரம் உள்ளே வைத்து வருகிற மஞ்சள் நிற பி.ஓ. (பேட்டரியில் ஓடும்) மோட்டார் வாங்குங்கள். கம்பி இரண்டும் ஒட்டிக்கொண்டு பேட்டரி கொதித்தால் முதலில் பேட்டரியைக் கழற்றச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் கையில் தர வேண்டும். முதல் முகாமில் மோட்டாரைச் சேர்க்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் தடவை ஆன மொத்தச் செலவு ஏறத்தாழ 620 ரூபாய், தலைக்கு 17 ரூபாய் சொச்சம். நான்கு நாள், தினம் ஒன்றரை மணி நேரம். மூன்று பேருக்கு ஒரு அளவு நாடா, ஆனால் வண்டி ஆளுக்கு ஒன்று. ஒரு வண்டியை மூன்று பேர் செய்தால் ஒருவர் செய்வார், இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். 36இல் 33 ஓடின.

நான்காம் நாள் கடையில் வாங்கிய எதுவும் இல்லை, நுங்கு வண்டிதான். தின்று முடித்த இரண்டு நுங்குக் கூடு, நடுவில் ஒன்றரை அடிக் குச்சி, தள்ளுவதற்கு நாலைந்து அடியில் ஒரு கவைக்கம்பு. இதில் அச்சும் சக்கரமும் சேர்ந்து சுற்றும், கவைக்குள் அச்சு உரசும். அங்கே கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் தள்ளுகிற கைக்கு உடனே தெரியும். ரப்பர் பேண்ட் எங்கே என்று கேட்டால் காலைக் காட்டினார்கள். கூடு பச்சையாக இருக்கும்போது குச்சியை இறுக்கமாகக் கவ்வும், மறுநாள் நார் காய்ந்து ஓட்டை அகன்று ஆட ஆரம்பிக்கும், பனைமட்டையில் சின்ன ஆப்பு சீவி அடித்துவிடலாம். அதற்குமேல் வைத்திருந்தால் பூஞ்சை பூத்துவிடும். அதற்கு முன்பே குச்சியை உருவிக்கொண்டு, கூட்டை மாட்டுக்கு வெட்டிப் போட்டுவிடுங்கள்.